மெயிலில் பில் வாங்கினேன், ஃபேஸ்புக்கில் மூட்டுவலி விளம்பரம். எப்படி?

அரைத்தூக்கம்:
அம்மாவுக்கு முழங்கால் பெல்ட் ஒன்று வாங்கினேன். நேரில் போய், ரொக்கம் கொடுத்து. இணையத்தில் தேடவே இல்லை. கவுண்டரில் இருந்த பையன் "பில்லை மெயிலில் அனுப்பட்டுமா சார்?" என்றான். காகிதம் மிச்சம்தானே என்று மெயில் முகவரியைச் சொன்னேன். மூன்றாம் நாளிலிருந்து ஃபேஸ்புக்கைத் திறந்தால் மூட்டுவலித் தைலம், முழங்கால் பயிற்சி, இன்னும் என்னென்னவோ. எனக்கு வலியே கிடையாது! போன் ஒட்டுக்கேட்கிறது என்று தம்பி சத்தியம் செய்கிறான். அப்படியா, இல்லை அந்த மெயில்தான் காரணமா?

பழைய லிஸ்ட்காரன்:
ஒட்டுக்கேட்கத் தேவையே இல்லை, மெயில் போதும். கடைகள் நடத்தும் ஒரு நிறுவனத்தின் விளம்பரப் பிரிவில் நான்கு வருடம் நான் பார்த்த வேலையே இதுதான். திங்கள்கிழமை காலையில் பில்லிங் பிரிவிலிருந்து எக்செல் கோப்பு வரும். மெயில், போன், தேதி, தொகை, எந்தப் பிரிவில் வாங்கினார், எல்லாம் வரிசையாக இருக்கும். ஃபேஸ்புக்கின் விளம்பரதாரர் பக்கத்தில் ஏற்றிவிடுவேன். இப்படிப் பட்டியல் ஏற்றும் வசதி 2012லிருந்தே உண்டு. கொஞ்ச நேரத்தில், பட்டியலில் எத்தனை பேருக்கு அங்கே கணக்கு இருக்கிறது என்று வந்துவிடும். 'மேட்ச் ரேட்' என்போம். அது குறைந்தால் மேலாளர் கேட்கும் முதல் கேள்வி: "கவுண்டரில் மெயில் கேட்கிறார்களா, இல்லையா?"

உங்கள் கவுண்டர் பையனுக்கு இது எதுவும் தெரிந்திருக்காது, பாவம்.

அரைத்தூக்கம்:
ஆனால் கடையின் தனியுரிமைப் பக்கத்தில் "மெயிலை மறைகுறியாக்கித்தான் பகிர்கிறோம்" என்று போட்டிருக்கிறதே?

பழைய லிஸ்ட்காரன்:
அந்த வரியை எழுதிய கூட்டத்தில் நானும் உட்கார்ந்திருந்தேன். பொய் இல்லை, ஆனால் ஆறுதலும் இல்லை. எஸ்ஹெச்ஏ-256 என்ற முறையில் உங்கள் மெயிலைப் போட்டால் 64 எழுத்துகளும் எண்களும் கலந்த ஒரு சரம் வரும். பார்த்தால் யாருக்கும் ஒன்றும் புரியாது. சரி, ஆனால் ஒரே மெயிலுக்கு எப்போது போட்டாலும் அதே 64தான். கணக்குத் தொடங்கும்போது நீங்கள் கொடுத்த மெயிலை ஃபேஸ்புக்கும் இதே முறையில் போட்டு வைத்திருக்கும். இரண்டும் ஒத்துப்போனால் ஆள் நீங்கள்தான். உங்கள் மெயில் ஏற்கெனவே கையில் இல்லாதவனிடமிருந்துதான் அது மறைகிறது.

வழிப்போக்கி:
கனடாவில் இதே கதை ஹோம் டிப்போ என்ற வீட்டுச் சாமான் கடைத்தொடர் விஷயத்தில் நடந்தது. ஒருவர் ஃபேஸ்புக் கணக்கை நீக்கப் போனபோது, கடையில் நேரில் வாங்கியவையும் அங்கே பதிவாகியிருப்பதைப் பார்த்துப் புகார் கொடுத்தார். மெயிலில் ரசீது கேட்டவர்களின் விவரம் ஃபேஸ்புக்கை நடத்தும் மெட்டா நிறுவனத்துக்குப் போயிருக்கிறது, அதற்கு முறையான சம்மதம் வாங்கவில்லை என்று தனியுரிமை ஆணையர் 2023 ஜனவரியில் அறிக்கை வெளியிட்டார். "கவுண்டரில் ஒவ்வொன்றையும் கேட்டால் வாடிக்கையாளர் சலித்துப்போவார்" என்பது போல ஒரு சமாதானம் சொன்னது நிறுவனம். ஆணையர் அதை ஏற்கவில்லை.

அரைத்தூக்கம், விளம்பரத்தை மட்டும் வைத்து முடிவுகட்டாதீர்கள். ஃபேஸ்புக் அமைப்புகளில் 'மெட்டாவுக்கு வெளியே உங்கள் செயல்பாடு' என்ற பொருளில் ஒரு பகுதி இருக்கும், அதில் பாருங்கள். அங்கே துண்டித்தாலும் கடையிடம் இருப்பது அழியாது, அப்புறம் விளம்பரங்களின் எண்ணிக்கையும் குறையாது. கடைகளுக்கென்று தனி மெயில் ஒன்று வைத்துக்கொள்வது நல்லது.

அரைத்தூக்கம்:
பார்த்தேன். கடையின் பெயர் இருக்கிறது, பெல்ட் வாங்கிய தேதியோடு. துண்டித்துவிட்டேன். தம்பியிடம் காட்டினேன். "அப்படியென்றால் இரண்டும்தான்" என்று போனைத் தலையணைக்கு அடியில் வைத்துவிட்டுப் பேசுகிறான்.