பதில்: ‘நானோ மருந்து’: புதன் மாலைக்குள் ஒரு சொல் வேண்டும்

பெரம்பூரிலிருந்து:
புற்றுநோய்ப் பிரிவுக்கு வருபவர்களுக்கான நான்கு பக்கக் கையேட்டைத் தமிழாக்குகிறேன். டாக்ஸோரூபிசின் என்ற புற்றுநோய் மருந்தைக் கொழுப்புறைக்குள் அடைத்து, ஏறத்தாழ 100 நானோமீட்டர் பருமனில் ரத்த நாளத்தில் ஏற்றுகிறார்கள். புதன் மாலை திருவல்லிக்கேணி அச்சகத்துக்குக் கோப்பு போக வேண்டும். ‘நானோ மருந்து’ என்பதை ‘நுண்மருந்து’ என்று போட்டுவிடலாமா?

மயிலாப்பூரிலிருந்து:
கூடவே கூடாது. நுண்ணுயிர், நுண்ணோக்கி என்று ‘நுண்’ணை மைக்ரோவுக்குப் பட்டா போட்டுக் கொடுத்தாயிற்று. நானோ கிரேக்கத்தில் குள்ளன். நம்மிடம் ‘குறள்’ இருக்கிறது. மாவலியிடம் மூன்றடி மண் கேட்டு வந்தவன் குறளுருவில்தானே வந்தான்? ‘குறள்மருந்து’ என்றே எழுதுங்கள்.

தாம்பரத்திலிருந்து:
ஐயா, அதைப் படிப்பவர் திருக்குறளில் ‘மருந்து’ என்ற 95ஆம் அதிகாரத்தைப் புரட்டுவார். அங்கே இரண்டாம் பாட்டிலேயே, முன்பு உண்டது செரித்ததை அறிந்து உண்டால் மருந்தே வேண்டாம் என்றிருக்கிறது! ‘இம்மி மருந்து’ எப்படி? இம்மியளவு என்றால் பாட்டிக்கும் புரியும்.

மயிலாப்பூரிலிருந்து:
கணக்கு உதைக்கிறது. பழைய கீழ்வாய் (பின்ன) வாய்பாட்டில் இம்மி என்பது 10,75,200இல் ஒன்று. அது 10 லட்சத்தில் ஒன்றான மைக்ரோவின் பக்கத்து வீடு. நானோ 100 கோடியில் ஒன்று. அதே வாய்பாட்டில் ‘அணு’ என்ற அளவையும் தாண்டி இறங்கினால் ‘குணம்’ வருகிறது, ஏறத்தாழ 149 கோடியில் ஒன்று. நெருக்கமான அளவு அதுதான்.

பெரம்பூரிலிருந்து:
‘குண மருந்து’ என்று அச்சடித்தால் குணமாகிவிடும் என்று வாக்குக் கொடுத்ததாகும். எந்த மருத்துவர் கையெழுத்துப் போடுவார்?

வேளச்சேரியிலிருந்து:
என் அம்மாவுக்கு இந்த மருந்துதான் ஏறியது. சிவப்பு நீர் சொட்டுச் சொட்டாக இறங்கும்போது, “இது என்னடா நிறம்?” என்றுதான் கேட்டாள். ‘நானோ’ என்று செவிலியர் சொன்னதற்கு விளக்கம் கேட்கவில்லை. தெருவில் நானோ கார் பார்த்தவள். சொல்லை அப்படியே விடுங்கள். நிறத்தைப் பற்றி இரண்டு வரி சேருங்கள்.

மயிலாப்பூரிலிருந்து:
‘நானோ மருந்து?’ என்று நோயாளி தன்னையே கேட்பதுபோல் இருக்கிறது. ஓகாரத்துக்குத் தொல்காப்பியம் சொல்லும் ஆறு பொருளில் வினாவும் ஒன்று என்பதை நினைவூட்டுகிறேன்.

தாம்பரத்திலிருந்து:
சிரித்துவிட்டேன். ஆனாலும் என் வாக்கு ‘நானோ’வுக்கே. இம்மியை விட்டுக்கொடுக்கிறேன்.

பெரம்பூரிலிருந்து:
கோப்பு போய்விட்டது. ‘நானோ மருந்து’, அதன் கீழே ‘தலைமுடித் தடிமனில் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்கு’ என்று ஒரு வரி. சிவப்பு நிறத்துக்கும் இடம் கிடைத்தது. அனைவருக்கும் நன்றி.

மயிலாப்பூரிலிருந்து:
மறுபதிப்பு எப்போது? ‘குறள்மருந்’தை நான் திரும்பப் பெறவில்லை.