எல்இடி போட்டதும் சிக்னல் பறக்கிறது, வழி சொல்லுங்கள்
வணக்கம். பினாங்கில், ஜெலுத்தோங் பக்கம், வயரிங் தெரிந்த அண்ணன்மார் யாராவது இருக்கிறீர்களா? அப்பாவின் பழைய காடியில் நான்கு சிக்னல் பல்புகளையும் எல்இடிக்கு மாற்றினேன். வெளிச்சம் அருமை. ஆனால் சிக்னல் போட்டால், அதை மினுக்கும் ரிலே டிக்டிக்கென்று வேகமாகப் பறக்கிறது. 21 வாட் பல்ப் இழுத்த கரண்டை எல்இடி இழுப்பதில்லை, அதனால் பல்ப் போய்விட்டதாக ரிலே நினைக்கிறது. அதுவரை புரிகிறது.

அந்தக் குறையும் கரண்டை இழுக்க, கடையில் பல்புக்கு ஒன்றாக 6 ஓம், 50 வாட் ரெசிஸ்டர் போடச் சொல்கிறார்கள். அது அடுப்பாகச் சுடுமே! பின்விளக்கைச் சுற்றி எல்லாம் பிளாஸ்டிக். எனக்கு, குறைந்த கரண்டிலும் சரியாக மினுக்கும் எல்இடி ரிலேதான் சரியாகப் படுகிறது. ஆனால் அதில் மூன்று பின், நம் சாக்கெட்டில் இரண்டுதான். மூன்றாவது பின் எர்த்; அதற்குத் தனி வயர் இழுத்து காடியின் பாடியில் இறுக்கினால் போதுமா?

அப்புறம், இரவில் லைட் போட்டதும் பின்னால் இடது சிக்னல் மட்டும் லேசாக மினுங்குகிறது. எர்த் வயர் இறுக்கிய இடத்தில் துரு பிடித்திருக்குமா?