ஆண்மகனைக் குறித்த 'வெர்': நம் வீரனிடமிருந்து போனதா?

பாலையூரான்: பழைய ஆங்கிலத்தில் ஆண்மகனுக்கு 'வெர்' என்று பெயர், 13ஆம் நூற்றாண்டோடு வழக்கொழிந்துவிட்டது. ஓநாய்மனிதனான 'வேர்வுல்ஃப்'பில் முதல் பாதி அதுதான். வீறு, வீரம், வீரன் என்று நம்மிடம் இருப்பதுதான் அங்கே போயிருக்கிறது. ஒலியும் ஒன்று, பொருளும் ஒன்று, வேறென்ன வேண்டும்?

கயல்: யார், எப்போது கொண்டுபோனார்கள் என்று வேண்டும் ஐயா. ஆங்கிலேயரின் முன்னோர் பிரிட்டனில் குடியேறியதே 5ஆம் நூற்றாண்டில், அதற்கு முன்பே, 4ஆம் நூற்றாண்டில் உல்ஃபிலா என்ற பாதிரியார் ஆங்கிலத்துக்கு உறவான கோத்திக் மொழியில் பெயர்த்த பைபிளில் இந்தச் சொல் இருக்கிறது. லத்தீனில் 'விர்', பழைய ஐரிஷில் 'ஃபெர்', சமஸ்கிருதத்தில் 'வீர'. லத்தீன் வகரம் இருக்கும் இடத்தில் ஐரிஷில் ஃபகரம் வருவது இதில் மட்டுமல்ல, உண்மைக்கு அங்கே 'வேருஸ்', இங்கே 'ஃபீர்'. இந்த ஒழுங்குதான் இவை மூல இந்தோ-ஐரோப்பியம் என்ற ஒரு தாய் பிள்ளைகள் என்று காட்டுகிறது.

பாலையூரான்: அந்த மூலமொழியில் ஒரு கல்வெட்டு காட்டுங்கள் பார்ப்போம். எல்லாம் ஐரோப்பியர் ஊகம்.

கயல்: கல்வெட்டு கிடையாதுதான். மூலத் திராவிடத்துக்கு மட்டும் உண்டா? தமிழும் தெலுங்கும் சமஸ்கிருதத்தில் பிறக்காத தனிக்குடும்பம் என்று 1816இல் சென்னையில் எல்லிஸும் 1856இல் கால்டுவெல்லும் நிறுவியது இப்படிச் சொற்களை ஒப்பிட்டுத்தான். அதைக் கொண்டாடிவிட்டு இதை மட்டும் ஊகம் என்பது என்ன நியாயம்?

மணல்மேடு: நடுவில் புகுவதற்கு மன்னிக்கவும், 'பொருளும் ஒன்று' என்பதே சரியில்லை. வேர்வுல்ஃபை விடுங்கள், அதில் இருப்பது வெர்தானா என்று சந்தேகப்பட்டவர்களே உண்டு. 'வெர்கில்டு' என்று ஒன்று இருந்தது, ஒருவனைக் கொன்றால் அவன் உறவினருக்குக் கட்ட வேண்டிய பணம். பழைய இங்கிலாந்தின் அரசுகளில் ஒன்றான வெசெக்ஸின் சட்டப்படி குடியானவன் உயிருக்கு 200 ஷில்லிங், பிரபுவுக்கு 1200. உழுதுகொண்டிருந்தவன் செத்தாலும் அது வெர்கில்டுதான், இதில் வீரம் எங்கே வந்தது? 'வேர்ல்டு' என்கிறோமே, அதுவும் வெர்ரோடு காலத்தைக் குறிக்கும் சொல் சேர்ந்து வந்தது, மனிதனின் காலம் என்ற பொருளில்.

பாலையூரான்: ரிக்வேதத்தில்கூட 'வீர' என்றால் ஆண், மகன் என்ற பொருள் உண்டு, தெரியுமா?

கயல்: அதைத்தானே நானும் சொல்கிறேன்! ஆண் என்பது பழைய பொருள், வீரம் பிறகு ஏறியது. ஆனால் வீரன் நம் 'வீறு'வில் பிறந்தவன் என்றால் வேதத்தைச் சாட்சிக்கு அழைக்க முடியாது, அப்புறம் வீறுவின் வல்லின றகரம் எப்படி இடையின ரகரமானது என்பதற்கும் கணக்குச் சொல்ல வேண்டும். இரண்டில் எது உங்கள் கட்சி?

பாலையூரான்: வீறுதான். றகரத்துக்குச் சான்றோடு நாளை வருகிறேன்.