கல்லூரி ஆஃபென்சிவ் லைன் கோச்: முதல் வேலை எங்கே?

சென்டர்54:
அமெரிக்கன் ஃபுட்பாலில், டிவிஷன் 3 (கல்லூரி விளையாட்டின் கீழ்மட்டப் பிரிவு) கல்லூரியில் நான்கு வருடம் சென்டராக (லைன் நடுவில் நின்று பந்தைப் பின்னால் கொடுப்பவர்) ஆடிவிட்டு மே மாதம் டிகிரி முடிக்கும் ஒருவர், கல்லூரி அளவில் ஆஃபென்சிவ் லைன் (பந்து வைத்திருக்கும் அணியின் முன்வரிசையில் நின்று எதிரணியைத் தடுக்கும் ஐந்து பேர்) கோச் ஆக வேண்டும் என்றால் எங்கே தொடங்கலாம்? பெரிய கல்லூரியில் கிராஜுவேட் அசிஸ்டன்ட்டா (மேற்படிப்பு படித்துக்கொண்டே உதவும் இளைய கோச்), சின்னக் கல்லூரியில் முழு நேர வேலையா? இன்டர்வியூவில் என்ன கேட்பார்கள்? என்.எஃப்.எல். (தொழில்முறை லீக்) ஆடாதவர் இதில் மேலே வர முடியுமா?

எண்ட்ஸோன்கேமரா:
கடைசிக் கேள்விக்கு முதலில் பதில்: முடியும். கர்க் ஃபெரன்ட்ஸ் கனெக்டிகட் பல்கலைக்கழகத்தில் ஆடியது லைன்பேக்கராக (டிஃபென்ஸில் முன்வரிசைக்குப் பின்னால் நிற்பவர்), லைனில்கூட இல்லை. 1980-இல் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் ஜோ மூரிடம் கிராஜுவேட் அசிஸ்டன்ட். 1981 முதல் அயோவாவில் ஒன்பது சீசன் லைன் கோச். பிறகு மெய்ன் பல்கலைக்கழகம், என்.எஃப்.எல்.-இல் கிளீவ்லாண்ட், பால்டிமோர் என்று போய், 1999-இல் அயோவாவுக்கே தலைமைக் கோச்சாகத் திரும்பினார். அந்த ஜோ மூர்தான் ஃபெரன்ட்ஸுக்குப் பள்ளியிலும் கோச். 2015 முதல் மூர் பெயரில் ஒரு விருது உண்டு. அதைத் தனி ஆளுக்குத் தருவதில்லை, லைன் முழுவதற்கும்தான். அதனால் என் கருத்து: கல்லூரியின் பெயரைப் பார்க்காதீர்கள், அங்கே லைனுக்குப் பாடம் எடுப்பவர் யார் என்று பாருங்கள்.

கிராஜுவேட் அசிஸ்டன்ட் என்றால் மாஸ்டர்ஸில் சேர்ந்திருக்க வேண்டும். வேலையில் பெரும்பகுதி ஃபிலிம். அடுத்த எதிரணியின் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் (முழு மேட்ச் அல்ல, பந்தை எடுத்து ஆடும் ஒவ்வொரு முயற்சியும்) டவுன் (எத்தனையாவது முயற்சி), தூரம் (இன்னும் எத்தனை கெஜம் வேண்டும்), ஹாஷ் (பந்து வைக்கும் எல்லையைக் காட்டும் இரண்டு கோட்டு வரிசைகளில் எது), ஃபிரண்ட் (டிஃபென்ஸ் முன்வரிசை நிற்கும் விதம்), பிளிட்ஸ் (கூடுதல் ஆள் பாய்வது) எல்லாம் குறிக்க வேண்டும். இதில் ஹாஷை அசட்டையாக விடுபவர்கள் அதிகம். கல்லூரி மைதானத்தில் இரண்டு ஹாஷுக்கும் இடையே 40 அடி, என்.எஃப்.எல்.-இல் 18 அடி 6 அங்குலம்தான். பந்து ஒரு ஹாஷில் இருந்தால் மறுபக்கம் அவ்வளவு அகலமாகத் திறந்து கிடக்கும், பல டிஃபென்ஸ்கள் அதைப் பார்த்துத்தான் ஆளை நிறுத்துகின்றன. அங்கே தப்பாகக் குறித்தால், அதை நம்பி வரையும் ஸ்கவுட் அட்டைகளும் (பயிற்சியில் எதிரணி போல ஆடிக் காட்ட உதவும் படங்கள்) தப்பு. ஒரு வாரப் பயிற்சியே வீண்.

இன்டர்வியூவில் மார்க்கரைக் கையில் கொடுத்து, "இன்சைடு ஸோன் போடு" என்பார்கள் (லைன் முழுதும் ஒரே பக்கம் நகர, பந்தோடு ஒருவன் நடுவழியாக ஓடும் ஆட்டம்). வட்டமும் அம்பும் வரைந்தால் போதாது. ஆட்டம் வலப்பக்கம், நோஸ் (டிஃபென்ஸ் முன்வரிசையின் நடு ஆள்) சென்டரின் இடத் தோளில் நிற்கிறான் என்று வையுங்கள். அவனை இடது கார்டும் (சென்டருக்குப் பக்கத்தில் நிற்பவர்) சென்டரும் சேர்ந்து எடுக்க வேண்டும். இருவருக்கும் முதல் அடி வலது காலில், ஆறு அங்குலத்துக்கு மேல் போகக் கூடாது. மோதும்போது இரண்டாவது கால் தரையில் ஊன்றியிருக்க வேண்டும். இடுப்போடு இடுப்பு ஒட்டியிருக்க வேண்டும். நாலு கை நோஸ் மேல், நாலு கண் லைன்பேக்கர் மேல். லைன்பேக்கர் வலப்பக்கம் ஓடினால் சென்டர் கழன்று அவனிடம் போவார், நோஸைக் கார்ட் ஏற்றுக்கொள்வார். அவன் பின்பக்கம் இறங்கினால் கழல்வது கார்ட்.

இங்கே எப்போதும் நடக்கும் தப்பு, சென்டர் அவசரப்பட்டுக் கழல்வது. கார்டின் தலை இன்னும் நோஸைத் தாண்டியிருக்காது. அவன் நடுவே புகுந்து பந்தோடு வருபவனைப் பின்னாலேயே பிடித்துவிடுவான். பக்கவாட்டில் வைத்த சைடுலைன் கேமராவில் இது தெரியாது. மைதானக் கோடியில் வைத்த எண்ட் ஸோன் கேமராவில் இரண்டு இடுப்புக்கும் நடுவே வெளிச்சம் தெரிந்தால் அதுதான் காரணம்.

கூடவே, ஓடுவதா பாஸ் எறிவதா என்று ஆடும்போதே தெரிவு செய்யும் ஆட்டம் என்றால் என்ன மாறும் என்றும் கேட்கலாம். கல்லூரி விதிப்படி, முன்னோக்கிப் பாஸ் எறியும்போது லைன்மேன் பந்து வைத்த கோட்டிலிருந்து மூன்று கெஜத்தைத் தாண்டியிருந்தால் 5 கெஜம் அபராதம். கழன்று போகும் சென்டருக்கு அந்த எல்லை மனசில் இருக்க வேண்டும்.

சூட்டும்பலகையும்:
மேலே சொன்னது எல்லாம் சரி, முதல் இடம் பற்றி மட்டும் எனக்கு வேறு கருத்து. 2024 ஜூனுக்கு முன் பெரிய அணிகளில் அனலிஸ்ட்கள் (கோச் பதவியில்லாமல் ஃபிலிம், திட்ட வேலை பார்ப்பவர்கள்) மைதானத்தில் பாடம் எடுக்கக் கூடாது. இப்போது எஃப்.பி.எஸ். (கல்லூரி ஃபுட்பாலின் மேல்மட்டப் பிரிவு) அணிகளில் ஊழியர் யாரும் எடுக்கலாம். அதனால் லைன்மேன்களுக்குப் பாடம் நடக்கும் ஒரே அறையில் அனுபவஸ்தர்கள் வரிசையாக நிற்கும்போது, புதிதாக வந்தவருக்கு வாய் திறக்க நேரமே கிடைக்காது. டிவிஷன் 3-இல் விளையாட்டு ஸ்காலர்ஷிப் கிடையாது, சம்பளம் குறைவு, ஆள் சேர்ப்பு, எடைப் பயிற்சி அறை எல்லாம் தலையில் விழும். ஆனால் அந்த ஐந்து பேரும் உங்கள் பொறுப்பு. தினமும் கிடைக்கும் பதினைந்து நிமிடத் தனிப் பயிற்சியை நீங்களே திட்டமிடுவீர்கள்.

அந்தப் பதினைந்தில் ஐந்து நிமிடம் சூட்டுக்குக் கொடுங்கள்: தாழ்ந்த கூரை போட்ட இரும்புச் சட்டம், அதன் கீழ் ஒரு அடி அகலப் பலகை. நிமிர்ந்து கிளம்பினால் தலை இடிக்கும், கால்களை ஒட்ட வைத்தால் பலகை தடுக்கும். கோச் கத்தவே தேவையில்லை. மீதி நேரம் முழுக்க இரட்டைப் பிளாக் (இருவர் சேர்ந்து ஒருவனைத் தள்ளுவது), அதுவும் நகரும் லைன்பேக்கரை வைத்து. அசையாத பையைத் தள்ளிப் பழகியவன் சனிக்கிழமை மேட்ச்சில் எப்போது கழல்வது என்று தெரியாமல் நிற்பான்.

சென்டர்54:
நன்றி இருவருக்கும். பாஸ் எறிபவரைக் காக்கும் பாஸ் புரொடெக்‌ஷனில் எதைக் கேட்பார்கள்?

எண்ட்ஸோன்கேமரா:
டிவிஸ்ட். டிஃபென்சிவ் டேக்கிள் (எதிர் வரிசையில் உள்பக்கம் நிற்பவன்) வெளிப்பக்கமாகப் பாய்வான், எண்ட் (ஓரத்தில் நிற்பவன்) அவன் பின்னால் சுற்றி உள்ளே வருவான். கார்ட் தன் ஆளைத் துரத்தக் கூடாது. நம் டேக்கிள் (கார்டுக்கு வெளியே நிற்பவர்) கையில் ஒப்படைக்கும் வரை தள்ளிவிட்டு, சுற்றி வருபவனுக்காக உள்ளேயே நிற்க வேண்டும். இதற்கு இருவரும் ஒரே மட்டத்தில் பின்வாங்கியிருக்க வேண்டும். டேக்கிள் ஒரு கெஜம் கூடுதலாகப் பின்னால் போயிருந்தால், ஆளை மாற்றும்போது நம் ஆட்களே ஒருவர்மேல் ஒருவர் மோதி வழி திறந்துவிடும். தப்பு கார்டுடையது போலத் தெரியும். டேக்கிளின் இரண்டாவது கிக்கை, அதாவது பின்வாங்கும் அடியைப் பாருங்கள்.

சூட்டும்பலகையும்:
ஒரு விஷயம் விட்டுப்போனது. தலைமைக் கோச்சை நீக்கினால் பெரும்பாலும் உதவிக் கோச்சுகளும் வெளியே. கையெழுத்துப் போடும் முன், ஒப்பந்தம் எத்தனை வருடம், இடையில் நிறுத்தினால் மீதிச் சம்பளம் வருமா, வேறு வேலை கிடைத்தால் அதில் கழிப்பார்களா என்று கேட்டு எழுத்தில் வாங்குங்கள். விண்ணப்பத்தோடு ஃபிலிம் அனுப்பினால் பத்துப் பன்னிரண்டு கிளிப் போதும், எல்லாம் எண்ட் ஸோன் கோணத்தில். தோற்ற பிளாக்கும் இரண்டு மூன்று இருக்கட்டும், எந்த அடியில் தவறியது என்று கீழே ஒரு வரி எழுதி.