ஓடும்போது விலாவை இறுக்கும் ஸ்போர்ட்ஸ் பிரா: அளவு தவறா, அமைப்பு தவறா?

கேள்வி:
10 கிலோமீட்டர் ஓட்டத்துக்குப் பயிற்சி எடுத்து வருகிறேன். மார்பின் அசைவு குறைய வேண்டும் என்பதற்காக, தலைவழியாக மாட்டும் கொக்கியில்லாத ஸ்போர்ட்ஸ் பிராவை வழக்கத்தைவிட ஓர் அளவு சிறியதாக வாங்கினேன். பாதித் தூரம் போனதும் விலா இறுகி, மூச்சை முழுதாக இழுக்க முடிவதில்லை. கழற்றிய பிறகும் தோளில் சிவந்த தடம் நெடுநேரம் மறைவதில்லை. இந்த அளவு இறுக்கம் தேவைதானா?

பதில் 1:
தேவையில்லை, சகோதரி. மார்பகத்துக்குள் தசை கிடையாது. தோலும் மெல்லிய இணைப்புத் திசுக்களுமே அதைத் தாங்குகின்றன. அதனால் ஓடும்போது அது மேலும் கீழும் மட்டுமல்லாமல், பக்கவாட்டிலும் முன்பின்னாகவும் அசைகிறது. நீங்கள் வாங்கியிருப்பது இரு மார்பகங்களையும் ஒன்றாக நெஞ்சோடு அழுத்திப் பிடிக்கும் வகை. அது அழுத்தத்தை மட்டுமே நம்பியிருப்பதால், அளவைக் குறைக்கக் குறைக்க அந்தச் சுமை முழுவதும் விலாவின் மேல்தான் விழும். சற்றே பெரிய மார்பகம் உள்ளவர்களுக்கு, ஒவ்வொன்றையும் தனித்தனிக் கப்பில் ஏந்தும் வகையே குறைந்த அழுத்தத்தில் நல்ல பிடிமானம் தரும் என்பது என் அனுபவம்.

பதில் 2:
தோள் தடத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன். 1977-இல் அமெரிக்காவின் வெர்மான்ட்டில் லிசா லின்டால், பாலி ஸ்மித், ஹிண்டா மில்லர் ஆகிய மூவரும், ஆண் வீரர்கள் அணியும் ஜாக்ஸ்ட்ராப் என்ற காப்பு உள்ளாடை இரண்டை இணைத்துத் தைத்து ‘ஜாக்பிரா’ என்ற ஸ்போர்ட்ஸ் பிராவின் முதல் மாதிரியை உருவாக்கினார்கள். தோள் பட்டைகள் நழுவாதபடி முதுகில் குறுக்காகச் செல்லும் அமைப்பு அதிலேயே இருந்தது. அந்த அமைப்பு இன்றும் பயனுள்ளதுதான். ஆனால் பட்டை ஒடுங்கியதாக இருந்தால் கழுத்தோரத் தசையில் வெட்டுவதுபோல் பதியும். அகலமான பட்டையில் அதே விசை பரவிவிடுவதால் வலி குறையும்.

பதில் 3:
தோளில் தடம் விழுவதற்கு, மார்புக்குக் கீழே விலாவைச் சுற்றி வரும் கீழ்ப்பட்டை தன் வேலையைச் செய்யாததும் காரணமாக இருக்கலாம். தாங்கும் பொறுப்பில் பெரும்பங்கு அதனுடையது. கைகளை உயர்த்தும்போது அது முதுகில் மேலேறினால் தளர்வு என்று பொருள். அதற்கடியில் இரண்டு விரல் நுழையாவிட்டால் அதிக இறுக்கம். கொக்கியுள்ளதை வாங்கினால் நாளடைவில் எலாஸ்டிக் தளரும்போது அடுத்த கொக்கிக்கு மாற்றிக்கொள்ளலாம். கடையிலேயே ஆழ்ந்து மூச்செடுத்து, நின்ற இடத்தில் சிறிது நேரம் குதித்துப் பார்த்துவிட்டு வாங்குங்கள். கை மரத்துப்போனால் மட்டும் தாமதிக்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

கேட்டவர்:
மிக்க நன்றி. இரண்டு விரல் சோதனையை இப்போதுதான் செய்தேன். ஒரு விரலே நுழையவில்லை. கொக்கியும் தனிக் கப்பும் உள்ளதை, சரியான அளவில் இந்த வாரமே வாங்குகிறேன்.