76 எம்எம் டெலஸ்கோப்ல ரைகலோட துணை நட்சத்திரம் தெரியவே மாட்டேங்குது, என்ன பண்ணலாம்?

வணக்கம் நண்பர்களே, என்கிட்ட இருக்கிறது 76/700 நியூட்டோனியன் (76 எம்எம் அகலம், 700 எம்எம் குவியத்தூரம் உள்ள கண்ணாடி டெலஸ்கோப்). ஓரியன்ல இருக்கிற ரைகல் ஒரு இரட்டை நட்சத்திரம், துணையோட பிரகாச எண் 6.8 (எண் கூடக் கூட மங்கல்), இடைவெளி 9 விகலைக்கு (ஒரு விகலைன்னா டிகிரியில 3600ல ஒரு பங்கு) மேலன்னு படிச்சேன், அதைவிட மங்கலான ஸ்டாரெல்லாம் எனக்குத் தெரியுது, ஓரியன் நெபுலாவுக்குள்ள இருக்கிற ட்ரபீசியம்ங்கிற நட்சத்திரக் கூட்டத்துல நாலும் பிரிஞ்சு தெரியுது, ஆனா இது மட்டும் இல்ல. 20, 10, 4 எம்எம் ஐபீஸ் (கண் வச்சுப் பார்க்கிற லென்ஸ்) எல்லாம் மாத்தி மாத்திப் போட்டாச்சு, 10ல 3எக்ஸ் பார்லோவும் (படத்தை இன்னும் 3 மடங்கு பெருசாக்குற லென்ஸ்) வச்சுப் பார்த்தாச்சு, ஒரு பக்கம் வால் முளைச்ச மாதிரி வெளிச்சம்தான் வருது. மூணு ராத்திரி போச்சு.

பதில் 1:
ட்ரபீசியத்துலயும் கிட்டத்தட்ட இதே இடைவெளிதான், அதனால பிரிக்கிற திறன் உங்க ஸ்கோப்புக்கு இருக்கு. பிரச்சனை ரைகலோட வெளிச்சக் கூச்சம். ரைகல் 0.1, துணை 6.8, அதாவது வெளிச்சத்துல சுமார் 480 மடங்கு வித்தியாசம். காத்து கொஞ்சம் ஆடினாலும் ரைகலோட வெளிச்சம் பரவி அதை முழுங்கிடும். ரைகல் நல்லா உச்சிக்கு வர்ற நேரமா பாருங்க.

பதில் 2:
அந்த வால்தான் எனக்கு உறுத்துது. ஸ்டாரை நடுவுல வச்சு ஃபோகஸை லேசா கலைச்சுப் பாருங்க, அப்போ தெரியிற வளையங்கள் ஒரே மையத்துல இல்லாம ஒரு பக்கம் ஒதுங்கி இருந்தா கண்ணாடி அலைன்மென்ட் போயிருக்கு, கோலிமேஷன் (கண்ணாடிகளை நேர்படுத்துறது) பண்ணாம எந்த ஐபீஸ் மாத்தியும் பிரயோஜனம் இல்ல. 10 எம்எம்ல பார்லோ போட்டா 210 மடங்கு பெருசாகும், இந்த ஸ்கோப்புக்கு 150 தாண்டினாலே மங்கிடும். 4 எம்எம்மும் 175 வந்துடுது. ஒரு 6 எம்எம் கிடைச்சா சரியா இருக்கும். அப்புறம் ஸ்கோப்பை வெளிய வச்சு அரை மணி நேரமாவது ஆறவிடுங்க.

கேட்டவர்:
ஆமாங்க, வளையம் ஒதுங்கித்தான் இருக்கு! பண்ணிப் பார்க்கிறேன். துணை எந்தப் பக்கம் இருக்கும்?

பதில் 3:
தெற்குல, கொஞ்சம் மேற்கு சாய்ஞ்சு. நியூட்டோனியன்ல படம் தலைகீழா வர்றதால குழம்பாதீங்க, டியூபை லேசா வடக்கே தள்ளுங்க, ரைகல் எந்தப் பக்கம் நகருதோ அதுதான் தெற்கு. அந்த இடத்துல ஸ்பைடர் கம்பியோட (உள்ளே சின்னக் கண்ணாடியைத் தாங்குற கம்பி) வெளிச்சக் கோடு விழுந்தா, டியூபை அதைப் பிடிச்சிருக்கிற ஸ்டாண்ட் வளையத்துக்குள்ள கொஞ்சம் திருப்பிக்கங்க. இன்னொண்ணு, முழு இருட்டுக்குக் காத்திருக்காம அந்தி வெளிச்சம் இருக்கும்போதே பாருங்க, வானம் முழுசா கறுக்காதப்போ ரைகலோட கூச்சம் நல்லா குறையும், எனக்கு முதல் தடவை அப்படித்தான் கிடைச்சுது.

கேட்டவர் (நாலு நாள் கழிச்சு):
கிடைச்சிருச்சு!! கோலிமேஷன் பண்ணினேன், வால் காணாமப் போச்சு. 6 எம்எம் ஒண்ணு கடன் வாங்கி அந்தியில பார்த்தேன், காத்து அடங்குற ஒவ்வொரு நொடியும் ரைகலைச் சுத்தித் தெரியிற வளையத்துக்கு வெளிய ஊசிமுனை மாதிரி ஒரு புள்ளி, வந்து வந்து போகுது. 1781ல வானியலாளர் வில்லியம் ஹெர்ஷல் பார்த்த அதே புள்ளி, அதுவும் ஒரே ஸ்டார் இல்லையாம், நெருக்கமா சுத்துற ஒரு கூட்டமாம். அப்படியே ஒரு மணி நேரம் உக்காந்துட்டேன்.