ஊருல உள்ள ஒரே மெடிக்கல் மூடாம இருக்கணும்னா?

கருங்கல்காரன்:
எங்க ஊருல ஒரே ஒரு மெடிக்கல். 20 சதவீதம் தள்ளுபடின்னு பாதிப்பேரு ஆன்லைனுக்கும் மார்த்தாண்டத்துப் பெரிய கடைகளுக்கும் போயாச்சு. இப்போ இன்சுலின் கேட்டா இல்லைங்காரு. வயசானவங்க பஸ் ஏறிப் போக முடியுமா? இவரும் அதே தள்ளுபடி குடுத்தா ஆளு திரும்பும்லா? இன்னொண்ணு, பழைய சீட்டுக்கு மருந்து தர மாட்டேங்காரு. சட்டமா, வீம்பா?

சரக்குக்கணக்கு:
குடுத்தா கடை மூடும்ணே. 2013 மருந்து விலைக்கட்டுப்பாட்டு ஆணையில வாற மருந்துக்கு, கடைக்கு வாற சராசரி விலைக்கு மேல 16 சதவீதம் வச்சுதான் உச்ச விலை போடுவாங்க, வரி தனி. 100க்கு வந்தது 116. அதுல 20 சதவீதம் கழிச்சா 92 ரூபா 80 காசு. பெரிய கடை மொத்தமா வாங்கி, சோப்பு, பவுடர்ல ஈடுகட்டும். கட்டுப்பாட்டுல இல்லாத மருந்துல கொஞ்சம் இளக்கம் உண்டு, அவ்வளவுதான்.

இன்சுலின் வைக்காததுக்குக் காரணம், விக்காம தேதி போயிருமோன்னுதான். அதே இன்சுலின் போடுற நாலஞ்சு வீட்டுக்காரங்க சேர்ந்து, மாசம் எத்தனை வயல் (இன்சுலின் குப்பி) வேணும்னு எழுதிக் குடுங்க. தீருறதுக்கு ஒரு வாரம் முந்தியே சொல்லணும். சொல்லிட்டு வேற இடத்துல வாங்கினா அடுத்த தடவை வைக்க மாட்டாரு.

விதி65:
வீம்பு இல்லை. 1945 மருந்து விதிகளில் 65ஆவது விதி: மறுபடி தரலாம் என்று டாக்டர் எழுதாவிட்டால் அந்தச் சீட்டுக்கு ஒரு தடவைதான். அதனால் சீட்டு வாங்கும்போதே "மாதம் ஒருமுறை, 3 தடவை தரலாம்" என்று எழுதச் சொல்லுங்கள். தேதி, அளவு, மொத்த எண்ணிக்கை, கையெழுத்து நான்கும் வேண்டும். ஒவ்வொரு தடவையும் கடைக்காரர் சீட்டில் கடை விவரமும் தேதியும் குறிப்பார். அல்பிரசோலம், டிராமடால் போன்ற எச்1 மருந்துக்கு (கட்டுப்பாடு அதிகமுள்ள மருந்துப் பட்டியல்) தனிப் பதிவேடு, 3 வருடம் வைத்திருக்க வேண்டும். அங்கே அவரிடம் மல்லுக்கட்டாதீர்கள்.

சீட்டில் பிராண்ட் பெயர் இருந்தால், அதே மருந்தே ஆனாலும் வேறு கம்பெனியுடையதை அவராக மாற்றித் தரக்கூடாது. பிராண்டுக்குப் பதில் மருந்தின் பெயரையே எழுதி வாங்கினால் கடையில் இருப்பதைத் தரலாம்.

ஐஸ்பெட்டி:
கடை மாத்தினா இன்சுலின் வயல்ல ஒரு மில்லிக்கு 40 யூனிட்டா 100 யூனிட்டான்னு பாருங்க. 40க்கு சிவப்பு மூடி ஊசி, 100க்கு ஆரஞ்சு. 100 யூனிட் வயல சிவப்பு ஊசியில 20 கோடு இழுத்தா உள்ள போறது 50 யூனிட். சுகர் தாழ்ந்து ஆளு மயங்கிரும். திறக்காத வயல் 2 முதல் 8 டிகிரியில இருக்கணும், ஃப்ரீசர்ல உறைஞ்சா கொட்டிரணும். ஆன்லைன் பார்சல் வெயில்ல கிடந்துதான்னு யாருகிட்ட கேப்பீங்க?

பிரஷர், சுகர் மாத்திரைக்கு மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்துல பேரு பதிஞ்சா வீட்டுக்கே வரும். துணை சுகாதார நிலையத்துல கேளுங்க.